நிற்கப் போகும் வண்டி ஏன் உதறுகிறது?

"ஜட்கா அடிக்கிறது" என்பது மும்பைத் தமிழர்கள் இந்தியிலிருந்து எடுத்துக் கொண்ட பேச்சு. ஊரில் ஜட்கா என்றால் குதிரை வண்டி. இங்கே ஜட்கா என்றால் காரின் உதறல். ஓடும்போது ஒழுங்காக ஓடுகிற கார், வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் முன்னும் பின்னுமாக இடித்து, உள்ளே இருப்பவர்களின் தலையை ஆட்டி வைத்தால் அதற்குத்தான் அந்தப் பெயர். பழைய குதிரை வண்டியில் ஒரு தடவையாவது ஏறியவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

அம்பர்நாத், பத்லாபூர், உல்லாஸ்நகர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கல்யாண் – ஷில்பாட்டா சாலையில் நெரிசல் நேரத்தில் போய் வந்தவர்களிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. அங்கே கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நூறு முறை வேகம் குறைத்தால் நூறு முறையும் உதறல். சொந்தத்துக்கு வைத்திருப்பவர் பல்லைக் கடித்துக் கொண்டு ஓட்டலாம். வாடகைக்கு ஓட்டுகிறவர் என்ன செய்வார்? விமான நிலையத்துக்குப் போகிற பயணி பின்சீட்டில் இருந்து முகத்தைச் சுளித்தால், அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிடுவார். வண்டியைப் பட்டறையில் விட்டால் அன்றைய வருமானம் போயிற்று. மாதம் பிறந்தால் கடன் தவணை நிற்காது.

பட்டறையில் நடப்பதைப் பார்ப்போம். "பிரேக் பிடிச்சா ஜட்கா அடிக்குது அண்ணே" என்று சொன்னதும் சக்கரம் கழற்றப்படுகிறது. பிரேக் பேட் மாற்றப்படுகிறது. இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் மீண்டும் உதறல். அடுத்து டிஸ்க் மாறுகிறது. அதன் பிறகு, "கிளட்ச் பிளேட் போயிருக்கும் போலிருக்கிறது" என்கிறார்கள். கிளட்சும் மாறுகிறது. கடைசியில், எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டிங் ஒன்று கிழிந்து கிடந்தது தெரிய வருகிறது. மாற்றிய சாமான்களில் மிக மலிவானது அதுதான். முன்னால் மாற்றிய மூன்றுக்கும் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

இதற்கு மெக்கானிக்கின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மணி நேரத்தில் கிளட்ச் பெட்டியைத் தனியாக இறக்கி வைக்கிற கைகள் அவை. குறை முறையில் இருக்கிறது. திறந்து பார்ப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டும் நம் பட்டறைகளில் அரிதாகிவிட்டன. ஏன் அரிதாயின என்பதில் வண்டிக்காரர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் தெருமுனை வரை போய் வருவது என்று பொருளில்லை. ஆலை விடுமுறை நாளில் எம்.ஐ.டி.சி. சாலை போன்ற ஆளில்லாத நேரான பாதையில், மெக்கானிக்கும் வண்டிக்காரரும் சேர்ந்து கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்று. பிரேக்கைத் தொட்டால்தான் உதறுகிறதா, அல்லது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்திலேயே உதறுகிறதா? இந்த ஒரு கேள்வி நோயை இரண்டு வீடுகளாகப் பிரித்துவிடும். ஒரு வீடு சக்கரமும் பிரேக்கும். மற்றது எஞ்சினும் அதிலிருந்து சக்கரம் வரை போகும் இணைப்புகளும். எந்த வீடு என்று தெரியாமல் கதவைத் தட்டுவதால்தான் பிரேக் நோய்க்குக் கிளட்சும், கிளட்ச் நோய்க்குப் பிரேக்கும் மாற்றப்படுகின்றன.

பிரேக்கை மிதித்தால்தான் உதறல் என்றால், எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருக்க, உட்கார்ந்திருக்கும் சீட்டு அதிர்ந்தால் பின்சக்கர டிரம். சந்தேகம் தீர எளிய சோதனை உண்டு. ஆளில்லாத பாதையில் மெதுவாகப் போகும்போது, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்க வேண்டும். சாதாரணமான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அப்போதும் அதே உதறல் வந்தால் குற்றவாளி பின்னால் இருக்கிறான்.

வண்டி நின்றே விடப் போகிறது, கடைசி ஒரு வண்டி நீளம்தான் பாக்கி, அப்போது மட்டும் பெடலுக்கு அடியில் 'கரகர'வென்று துடிக்கிறது என்றால் வேறு கதை. புதிய கார்கள் அனைத்திலும் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் சுற்றுவதை எண்ணிச் சொல்லும் சென்சாரில் அழுக்கு சேர்ந்தாலோ, அதன் எதிரே சுற்றும் பல்வளையத்தில் விரிசல் விழுந்தாலோ, சக்கரம் வழுக்குகிறது என்று அந்தக் கருவி தப்பாக நினைத்துக் கொண்டு பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். இதற்கு டிஸ்க்கை மாற்றி என்ன பயன்? மிதித்தவுடன் 'டொக்' என்று ஒரே ஒரு இடி, பிறகு அமைதி என்றால், அநேகமாக முன் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கும்.

சில சமயம் குற்றம் ஓட்டுகிறவரின் காலிலேயே இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிற்கும் வரை ஒரே அழுத்தமாக மிதித்தால் எந்தக் காரும் கடைசியில் ஒரு குலுக்குக் குலுக்கித்தான் நிற்கும். நிற்பதற்குச் சற்று முன் காலை லேசாகத் தளர்த்துவதை அனுபவசாலிகள் தம்மை அறியாமலே செய்வார்கள். மும்பையின் கறுப்பு – மஞ்சள் டாக்சிகளில் ஒரு காலத்தில் அரசு செலுத்திய பிரீமியர் பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். குர்லாவில் செய்த அந்த வண்டிகளை வைத்துக் கொண்டு பயணியின் கையிலுள்ள தேநீர் சிந்தாமல் நிறுத்திய டிரைவர்கள் இருந்தார்கள். 2003 அக்டோபரில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி, இருபதாண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது. வண்டியோடு அந்தக் கால் பழக்கமும் போய்விட வேண்டும் என்று சட்டமில்லை.

இனி இரண்டாவது வீடு. பிரேக்கைத் தொடாமலே, ஆக்சிலேட்டரை விட்டதும் உதறுகிறது என்றால் கிளட்சை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் உதறல் நின்றால் எஞ்சின் பக்கம்; நிற்காவிட்டால் சக்கரம், பேரிங், டயர். எஞ்சின் பக்கம் என்று தெரிந்தால், கேஸில் ஓடும் வண்டிக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்விட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். பெட்ரோலில் உதறல் மறைந்தால் கேஸ் பில்டர், ரெட்யூசர், பிளக் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேஸைப் பற்ற வைக்கப் பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி வேண்டும். ஆகவே பெட்ரோலில் ஒப்பேற்றும் தேய்ந்த பிளக், கேஸில் காலை வாரிவிடும்.

இரண்டிலும் உதறினால், காற்று நுழையும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இப்போதைய எஞ்சின்கள், கால் எடுத்ததும் எரிபொருளை அடியோடு நிறுத்திவிட்டு, வேகம் தணிந்த பிறகு மறுபடி திறந்துவிடும். திராட்டில் சுத்தமாக இருந்தால் இது நடப்பதே தெரியாது. கரி படிந்திருந்தால் திறக்கும் நேரத்தில் ஒரு தள்ளு. சுத்தம் செய்ய ஒரு டப்பா திரவமும் அரை மணி நேரமும் போதும். எஞ்சின் மவுண்டிங் கிழிந்திருந்தால் கியரை மாற்றும்போதும் காலை எடுக்கும்போதும் பானெட்டுக்கு அடியில் ஒரு முட்டல் கேட்கும். ஈக்கோ மாதிரிப் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் நீண்ட ஷாஃப்டின் கிராஸையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

எரிபொருள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரிலேயே போகிறவர்களுக்கு எந்த மெக்கானிக்கும் மருந்து தர முடியாது. அங்கே உதறுவது எஞ்சினின் முனகல். 2014ல் மாருதி செலேரியோவோடு வந்த தானியங்கிக் கியரில் இறங்கு கியர் விழும்போது ஒரு சிறிய தலையசைப்பு இயல்பே. அது நாளுக்கு நாள் வளர்ந்தால்தான் கிளட்ச் தேய்கிறது என்று பொருள்.

பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. உதறலோடு வாழப் பழகிக் கொள்கிறார்கள். பழகுவதில் ஒரு வழி மிகவும் ஆபத்தானது. வேகம் குறைக்கும்போது உதறுகிறதே என்று வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டு உருட்டுவது. ஷில்பாட்டா நெரிசலில் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். அதே பழக்கத்தோடு மால்ஷேஜ் காட்டிலோ, கண்டாலா இறக்கத்திலோ போனால் என்ன ஆகும்? கோடை விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக் கொண்டு, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிப் பக்கம் ஓட்டிச் செல்கிறவர்கள் நம்மவர்களில் எத்தனையோ பேர். மலை இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் முழுவதையும் நியூட்ரலில் பிரேக் மட்டும் சுமக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும் சுபாவமுடையது. டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரிதான். கொங்கணத்து மழைக்காலம் இரண்டைப் பார்த்த ஆயில், இறக்கத்தின் நடுவே கொதித்து ஆவியானால், பெடல் பலகை வரை போகும், வண்டி நிற்காது. தொல்லை தராத சிறு உதறல் என்று விட்டுவிட்டது அங்கே போய் முடிகிறது.

உதறலில் மிக அதிகமாகப் பணம் விழுங்குவது முன்சக்கர டிஸ்க் விவகாரம். "டிஸ்க் வளைந்து விட்டது" என்று பட்டறையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. சுற்றளவில் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் வந்தாலே பெடலில் துடிப்பு தெரியத் தொடங்கிவிடும். அந்த அளவைக் கண் காணாது, கட்டைவிரல் உணராது. ஆனால் நம் பட்டறைகளில் டிஸ்க்கைப் பரிசோதிக்கும் கருவி கட்டைவிரல்தான்.

புது டிஸ்க் போட்டும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி உதறுவது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் மழைக்காலத்துத் துரு படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதை மாட்டினால், டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஓரிடத்தில் உரசும். உரசிய இடம் மெலியும். போட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஜட்கா திரும்பி வரும். சக்கரத்து நட்டுகளை ஒரு பக்கம் காலால் ஏறி மிதித்தும் மறுபக்கம் கையால் திருகியும் முறுக்கினாலும் இதே கதிதான். பஞ்சர் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை, மூன்று மாதம் கழித்துப் பிரேக் பட்டறையில் பில்லாக வரும். வண்டிக்காரர் டிஸ்க் செய்த கம்பெனியைத் திட்டுவார். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கியிருந்தால் இந்தப் பில்லே வந்திராது.

அம்பர்நாத் போன்ற ஓர் ஊரில் இப்படி நடப்பதுதான் வேடிக்கை. அளவுக்கு அங்கே பஞ்சமா? பீரங்கித் தளவாடத் தொழிற்சாலையும், இயந்திரக் கருவி மாதிரிகள் செய்யும் தொழிற்சாலையும் இருக்கிற ஊர். இவை 2021 அக்டோபரில் துறை நிர்வாகத்திலிருந்து அரசுக் கம்பெனிகளுக்கு மாறியிருக்கலாம். உள்ளே வேலை செய்பவர்களின் மைக்ரோமீட்டர் மாறிவிடவில்லை. எம்.ஐ.டி.சி.யின் சிறு லேத் பட்டறைகளில் நூறில் ஒரு பங்கு பிசகினால் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கெல்லாம் பிட்டராகவும் டர்னராகவும் நாளெல்லாம் அளந்து கொண்டிருக்கும் தமிழர்கள், மாலையில் சொந்தக் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு, "விரலால் தடவிப் பார்த்தேன், போய்விட்டது" என்ற தீர்ப்பைக் கேட்டுக் கொண்டு பணத்தை எண்ணி வைக்கிறார்கள். ஆலையில் ஒப்புக் கொள்ளாததைத் தெருவில் ஒப்புக் கொள்ளுவானேன்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் தடிப்பை அளக்க வேண்டும். டயல் கேஜை நிறுத்தி, கையால் டிஸ்க்கைச் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பது பொதுவாக டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் சதை இருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்து போடலாம். இல்லாவிட்டால் மாற்றத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். டிரம்மிலும் அப்படியே, எவ்வளவு வரை கடையலாம் என்ற உச்ச விட்டம் எழுதியிருக்கும். டிரம்மைத் திறந்ததும் பட்டறைப் பையன்கள் காற்றுக் குழாயை வைத்து ஊதுகிறார்களே, அதை முதலாளிகள் நிறுத்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்குகள் இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஈரத் துணியால் துடைப்பதற்கு என்ன செலவு?

மழைக்காலத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியும், இரவெல்லாம் மழையில் நின்ற வண்டியும் முதல் நாலைந்து தடவை பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கும். கொஞ்ச தூரம் பெடலில் லேசாகக் கால் வைத்து ஓட்டி உலர்த்தினால் சரியாகிவிடும். இதற்காகப் பட்டறைக்கு ஓடுகிறவர்கள் பணத்தைத் தாமே கொண்டு போய்க் கொடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் ஸ்கேனர் வந்துவிட்டதே, அது சொல்லாதா என்று கேட்கலாம். சென்சார், இக்னிஷன், எரிபொருள் ஆகியவற்றின் குறைகளைப் பெரும்பாலும் சொல்லும். ஏ.பி.எஸ்.ஸையும் படிக்கும் நல்ல ஸ்கேனர், எந்தச் சக்கரத்துச் சென்சார் என்றுகூடக் காட்டும். கிழிந்த ரப்பரையும், தேய்ந்த புஷ்ஷையும், கோணலான டிஸ்க்கையும் அதற்குத் தெரியாது. அவற்றுக்குச் சென்சார் கிடையாது. ஸ்கேனரில் குறை எதுவும் வரவில்லை என்பதால் வண்டி நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பது, ஜுரமில்லை என்பதால் கால் உடையவில்லை என்று சொல்வதைப் போன்றது.

இனி வண்டிக்காரர்களின் பங்கு. மெக்கானிக் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அளந்து, "ஒரு மவுண்டிங் ரப்பர்தான் போயிருக்கிறது" என்று சரியாகச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கிறது? ரப்பரின் விலையும் மாட்டிய கூலியும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால், "பார்த்ததற்குக் காசா?" என்று சண்டைக்கு வருகிறோம். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்ததற்குக் கேள்வி கேட்காமல் பீஸ் கொடுக்கிற அதே ஆசாமிகள்தான். பார்த்ததற்குக் காசில்லை, மாற்றியதற்குத்தான் காசு என்று ஆகிவிட்டால் எந்தத் தொழிலாளியும் மாற்றத்தான் மாற்றுவார். சாமானில் வரும் கமிஷன்தான் அவருடைய பிழைப்பு என்றால், நோயைக் கண்டுபிடிப்பது அவருக்கு நஷ்டம். நேர்மையான மெக்கானிக்கை இப்படிப் பட்டினி போட்டுவிட்டு, ஏமாற்றுகிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை.

ஆகவே, பரிசோதனைக்கென்று தனியாக ஒரு கூலியை முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும். வண்டியை வேறிடத்தில் சரிசெய்தாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு வண்டிக்காரர் மூன்றைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்: அளந்த அளவுகள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, கழற்றிய பழைய சாமான், வேலை முடிந்ததும் அதே பாதையில் இருவரும் சேர்ந்து ஒரு ஓட்டம். பழைய சாமானைத் தர மறுக்கிற பட்டறையில் புதிய சாமான் எதுவும் போடாமல் இருப்பதே நல்லது.

சிறு பட்டறைக்காரர்களுக்குக் கருவி வாங்கக் கட்டுப்படியாகாது என்ற பேச்சும் உண்டு. காந்தப் பிடிமானத்தோடு ஒரு டயல் கேஜ், ஓரிரண்டு ஜோடி டிஸ்க் விலைக்குள் கிடைக்கும். ஒரே சாலையில் இருக்கும் நாலு பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். அதை எப்படி வைத்துப் பார்ப்பது என்று காட்டிக் கொடுக்க, ஆலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் டர்னர் யாராவது அடுத்த தெருவிலேயே இருப்பார்.